வான்வழியின் இடைத்துறைகள்

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர்ச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யாத் தொழிற்பேட்டையில், பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர் உளர். கடைசல் யந்திரத்தின் முன் நின்று தொழில் பழகியவர்களுள் சிலர், அக்கைத்தொழிலை நம்பித் துபாய்க்கும் தோஹாவுக்கும் செல்கின்றனர். விமானச் சீட்டு வாங்குகையில் அவர்கள் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பதே. அந்தக் கட்டணத்துக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது. வளைகுடா நாட்டு விமான நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு முன்பே வேரூன்றிய நிறுவனங்களுக்கும் இடையே எழுந்த போட்டியின் வரலாறு அது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1932-ஆம் ஆண்டில், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம், லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே பறந்த தன் விமானங்கள் தங்கிச் செல்வதற்காக ஷார்ஜாவில் ஓர் இறங்குதளமும் விடுதியும் அமைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, கராச்சியில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்நாளில் வளைகுடாக் கரை, நெடும் பயணத்தின் நடுவே அமைந்த ஒரு சத்திரம், அவ்வளவே.

இந்திய முயற்சியோ விரைந்து வளர்ந்தது. 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியாவின் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 1953-இல் அந்நிறுவனம் தேசவுடைமையாயிற்று. 1962-இல் ஜெட் விமானங்களை மட்டுமே கொண்டு இயங்கும் நிறுவனம் என்ற பெருமையை அது எய்தியது.

பின்னர்க் காட்சி மாறியது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயரவே, வளைகுடாவில் கட்டடங்களும் ஆலைகளும் எழுந்தன. நம் நாட்டுத் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் அங்குச் சென்றனர். 1985 அக்டோபர் 25-ஆம் தேதி, துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்ற விமானத்தைக் கொண்டு கராச்சிக்குத் தன் முதற்பயணத்தை நடத்தியது. பம்பாயும் டெல்லியும் அதன் தொடக்கத் தடங்களிலேயே இடம் பெற்றன. 1994-இல் கத்தார் ஏர்வேஸும், 2003-இல் அபுதாபியின் எதிஹாதும் பறக்கத் தொடங்கின.

இவற்றின் வெற்றிக்குக் காரணம் யாது? வண்டிச் சக்கரத்தில் ஆரங்கள் அனைத்தும் குடத்தில் வந்து சேர்கின்றன அல்லவா? அதுபோலப் பல ஊர்களிலிருந்தும் விமானங்களை ஏறத்தாழ ஒரே வேளையில் துபாயில் சேர்த்து, பயணிகளை மாற்றி ஏற்றி, மீண்டும் பல திசைகளில் அனுப்புகின்றனர். பெங்களூரிலிருந்து லண்டன் செல்பவர் ஒப்பந்தக் கணக்கில் துபாய்ப் பயணியே. ஆனால் உண்மையில் அவர் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உரிய பயணி. பழைய நிறுவனங்களின் மனக்குறை இங்கேதான் பிறக்கிறது.

இது புதிய வழக்கன்று. சீனத்துக்கும் தமிழகத்துக்கும் நடுவே கடல்வழியில் நின்ற ஸ்ரீவிஜயம், கப்பல்கள் தன் துறைகளைத் தொட்டுச் செல்வதால் வளம் பெற்றது. 1025-இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின் மீது படை செலுத்தியதற்கு இவ்வாணிக ஆதிக்கமும் ஒரு காரணம் எனக் கருதும் வரலாற்று ஆசிரியர் உண்டு. அன்று கடற்படை தீர்த்த வழக்கை இன்று ஒப்பந்த மேசை தீர்க்கிறது. 1944-இல் சிகாகோவில் கூடிய மாநாடு, தன் வானத்தின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு உரிமை உண்டென ஏற்றது. ஆகவே, வாரத்துக்கு இத்தனை இருக்கைகள் என்று இரு நாட்டு அரசுகளும் பேசி முடிவு செய்கின்றன.

2015-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்கள், வளைகுடா நிறுவனங்கள் சுமார் 4,200 கோடி டாலர் அரசு உதவி பெற்றன என்று குற்றம் சாட்டின. குற்றம் சாட்டப்பட்டவை அதனை மறுத்தன. 2018-இல் கணக்குகளை வெளிப்படையாக வைக்கும் உடன்பாடுகளோடு அப்பூசல் தணிந்தது. நம் நாட்டிலோ 2013-இல் எதிஹாத், ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தில் 24 சதவீதப் பங்கு பெற முன்வந்த காலத்தை ஒட்டி, அபுதாபிக்கான இருக்கைகளை வாரத்துக்குச் சுமார் 50,000 வரை உயர்த்த உடன்பாடு ஏற்பட்டது. அத்துணை உறவு கிட்டியும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது.

அப்படியானால் அயல் விமானங்களைத் தடுப்பதே வழியா? அன்று. பம்பாய்க்கும் சென்னைக்கும் சென்று அலையாமல், கோயமுத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரே ஏறும் வசதியைத் தொழிலாளிக்கு அளித்தது இப்போட்டியே. இருக்கைகள் குறைந்தால் கட்டணம் ஏறும். அச்சுமை அவன் தலையில்தான் விழும்.

ஆயினும் சொந்த விமானம் வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டே சான்று. குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது, அங்குச் சிக்கிய நம்மவர் ஜோர்டானின் அம்மான் நகரத்தை அடைந்தனர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா அங்கிருந்து தாயகம் சேர்த்தது. ஆபத்துக் காலத்தில் லாப நட்டம் பாராது ஓர் அரசு ஏவக்கூடிய விமானம், தன் நாட்டு விமானமே.

இடைத்துறையின் வலிமையைக் குறைக்க வேறு வழியும் உண்டு. 2021 ஜனவரியில், பெண் விமானிகளே செலுத்திய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தைக் கடந்து எங்கும் இறங்காமல் பெங்களூரை அடைந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 470 விமானங்களுக்கு ஆணை தந்தது. ஆனால் எமிரேட்ஸும் 2022-இலேயே தன் மாபெரும் ஏ-380 விமானத்தைப் பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது.

பாலைக் கரையில் இருந்த ஒரு சத்திரம், அரை நூற்றாண்டில் உலகச் சந்தியாக மாறியதற்கு எண்ணெய்ச் செல்வம் மட்டும் காரணமன்று. துறையைத் திறந்து வைத்துப் பயணியை வரவேற்ற உறுதியும் காரணம். நம் நகரங்களுக்கும் அவ்விட அமைப்பு உண்டு. பீன்யாவின் தொழிலாளி குறைந்த செலவில் சென்று, இடர் வந்தால் அஞ்சாமல் திரும்பவும் இயலுமாயின், அப்போட்டியில் நாம் தோற்கவில்லை என்று கொள்ளலாம்.