வேதாளம் விற்ற புதுமண்டபம்

ஆயிரம் வருடத்தை இரண்டாயிரம் வருடமாக்க முடியுமா?

முடியும் என்றான் பட்டி. விக்கிரமாதித்த மகாராஜாவின் தம்பி, மந்திரியும் அவன்தான். அண்ணனுக்கு முப்பத்திரண்டு பதுமைகள் தாங்கும் சிம்மாசனத்தைக் கொடுத்த இந்திரன், ‘இதில் அமர்ந்து ஆயிரம் வருடம் ஆட்சி செய்’ என்று வரமும் கொடுத்துவிட்டான். தம்பி சும்மா இருப்பானா? காளியிடம் போய்த் தனக்கு இரண்டாயிரம் வருட ஆயுளை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

இப்போது கணக்கு இடிக்கிறது. அண்ணன் போன பிறகு ஆயிரம் வருடம் தம்பி மட்டும் தனியாக என்ன செய்வது? அதற்கும் பட்டியிடம் யோசனை இருந்தது. ‘இந்திரன் கொடுத்தது சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆளுவதற்கான ஆயிரம் வருடம்தானே? நீ வருடத்தில் ஆறு மாதம்தான் அதில் உட்காரப் போகிறாய். மீதி ஆறு மாதம் காட்டுக்குப் போய்விடு. காட்டில் இருக்கும் நாள் கணக்கில் சேராது!’

காடாறு மாதம், நாடாறு மாதம். வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைகிற மாப்பிள்ளையைப் பார்த்து இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த வார்த்தை பிறந்த இடம் இதுதான்.

காலத்தையே ஏமாற்றுகிற இப்படியொரு யோசனையை இங்கிலாந்தில் யாராவது எழுதியிருந்தால், எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய கால இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். சயன்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி என்று அலமாரி பிரித்து அடுக்கியிருப்பார்கள். நம் ஊரில் இந்தப் புத்தகங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். ‘பெரிய எழுத்து’!

‘இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க?’ என்று நண்பர்கள் சந்திக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் மதுரையில் யாரையாவது நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? திருக்குறள்? சிலப்பதிகாரம்? ஆசைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் வந்திருக்கக்கூடிய பதில்: ‘விக்கிரமாதித்தன் கதை... பாதியில இருக்கு!’

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிறது புதுமண்டபம். பெயர்தான் புதுசு. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது. பிற்காலத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே கடைகள் வந்தன. தையல்காரர்கள், வளையல், குங்குமம், பாத்திரம்... கூடவே புத்தகம். இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற மதுரைப் பதிப்பாளர்களின் முகவரியே புதுமண்டபம்தான். சாமி கும்பிட வந்த மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் தூணில் பாயும் யாளியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே வேதாளத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ஊர் போனார்கள்.

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, பவளக்கொடி மாலை, அல்லி அரசாணி மாலை... சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சடித்துக் குவித்தார்கள். மட்டமான காகிதம், கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம், பட்டாணி பட்டாணியாக எழுத்து. ஏன் பெரிய எழுத்து தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் எழுத்துக் கூட்டக் கற்று, அதோடு ஏர் பிடிக்கப் போனவர்களுக்காக. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படிக்கிற வயசான கண்களுக்காக.

1901 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். அப்படியிருக்க, இத்தனை புத்தகம் எப்படி விற்றது? அங்கேதான் சூட்சுமம். ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அறுப்பு முடிந்த ராத்திரிகளில் ஊர் மந்தையிலோ திண்ணையிலோ ராகம் போட்டு வாசிப்பு நடக்கும். ‘அந்தக் கூடுவிட்டுக் கூடு பாயுற இடத்த இன்னொரு தரம் வாசிப்பா...’ என்று கேட்கிற அப்பத்தாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால், கதை மொத்தமும் மனப்பாடம். அவரை வாசகி இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு?

இதில் மதுரைக்கென்றே ஒரு மகாராணியும் இருந்தாள். அல்லி! பாண்டிய நாட்டை ஆண்டவளாக வருகிறாள். ஆண் வாடையே ஆகாது. மகாபாரத அர்ச்சுனன் தேடி வந்து, பாம்பாக மாறி, அவள் அந்தப்புரத்துக்குள் நுழைகிறான். உடந்தை, கிருஷ்ண பரமாத்மா. வியாசர் இதை எழுதவில்லை. இது நம் ஆட்களின் சொந்தச் சரக்கு. புகழேந்திப் புலவர் பெயரில் அச்சாகும். நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள் அறிஞர்கள். ஆனால், ‘அல்லி ராஜ்யம்’ என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு புழங்குகிறது. அறிஞர் சொல்லி வந்ததல்ல அது. திண்ணையில் கேட்டு வந்தது.

சரி, அறிஞர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

மிகப் பெரிய காரியம் செய்துகொண்டிருந்தார்கள். 1901 செப்டம்பர் 14-ம் தேதி பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். கறையான் தின்ற ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்கள், ‘செந்தமிழ்’ என்று பத்திரிகை நடத்தினார்கள், பரீட்சை வைத்தார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று நாம் எவ்வளவோ இழந்திருப்போம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால், சங்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், புதுமண்டபத்தில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த புத்தகங்களை இலக்கியமாக மதிக்கும் வழக்கம் அந்தக் காலப் படிப்பாளிகளிடம் இல்லை. அவை ‘கீழான நூல்கள்’. வேடிக்கையைப் பாருங்கள்... உ.வே. சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்த சீவகசிந்தாமணி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. அதன் ஆரம்பத்தில் என்ன வருகிறது? மயிற்பொறி! நிறைமாதக் கர்ப்பிணியான ராணி விசயை, மயில் வடிவ இயந்திரத்தில் ஏறி வானத்தில் தப்பிக்கிறாள். வலப்பக்கம் திருகினால் மேலே போகும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். இயக்கும் முறைகூடத் தெளிவாக இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல்.

உடனே ‘பார்த்தீர்களா, நம்மவர்கள் அன்றே விமானம் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அது விமானம் இல்லை, கற்பனை. அந்தக் கற்பனைதான் நம் பெருமை. ஓலையில் பறந்தால் காப்பியம், மட்டக் காகிதத்தில் பறந்தால் மட்டம் என்பது என்ன நியாயம்?

மட்டம் என்று சொல்லப்பட்டதாலோ என்னவோ, வேதாளம் சாகவில்லை. உடம்பை மாற்றிக்கொண்டே வந்தது. 1947 ஜூலையில் பிறந்த ‘அம்புலிமாமா’வில், ஓவியர் சங்கரின் தூரிகையில், விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டது. அப்பத்தா காதால் கேட்டதைப் பேரன் கண்ணால் பார்த்தான். பிறகு, மதுரைக்குத் தெற்கே சுமார் எழுபது கிலோமீட்டரில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பெரிய கூடு கிடைத்தது. சிவகாசி!

வானம் பார்த்த பூமி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு இயந்திரம் வேண்டும். இப்படித்தான் சிவகாசி அச்சகங்களின் ஊரானது. லேபிள் அடித்துப் பழகிய கைகளுக்குக் கதை அடிக்க எவ்வளவு நேரமாகும்? சிவகாசியைச் சேர்ந்த சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்க, 1972-ல் முதல் இதழ் வந்தது. பெயர் ‘இரும்புக்கை மாயாவி’.

லண்டனில் 1962-ல் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழில், ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தில் வந்த கதை. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! ஆங்கிலத்தில் அதன் தலைப்புக்கு ‘உருக்கு நகம்’ என்றுதான் அர்த்தம். மாயமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. தமிழில் அவனை ‘மாயாவி’ ஆக்கினார்கள். பெரிய எழுத்துக் கதைகளில் மந்திரவாதிக்குச் சொல்லும் அதே வார்த்தை!

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. மதுரைப் பையனுக்கு வோல்டேஜ் புரிந்ததோ இல்லையோ, மாயாவி சட்டென்று புரிந்துவிட்டான். கண்ணில் மை இட்டால் மறைகிறவனைப் பாட்டி ஏற்கெனவே அறிமுகம் செய்துவைத்திருந்தாளே. 1984-ல் லயன் காமிக்ஸும் வந்து சேர்ந்தது. இரும்பு மனிதன் ஆர்ச்சி, கோட்டை வடிவில் இருந்த கால இயந்திரத்தில் ஏறிப் பழங்காலத்துக்குப் போய்வந்தான். வீடுகளில் வசவும் கூடவே வந்தது. ‘பாடப் புத்தகத்துக்குள்ள என்னடா ஒளிச்சு வச்சிருக்க? உருப்படுற வழியப் பாரு!’

அதே எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ எழுதினார். பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது, ‘ஜீவா’ என்ற தலைவரைக் கேள்வி கேட்கக் கூடாது. அதைக் கேள்வி கேட்கத் துணிகிறவள் நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண். துணை, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. கதை நடக்கிற 2020-களுக்கே நாம் வந்து சேர்ந்துவிட்டோம்! எழுதியவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். வாக்குப் பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உள்ளவர். ஆனாலும், மனிதரைவிடப் புத்திசாலியான நாய் பேசுகிறபோது தமிழ் வாசகர்கள் திகைக்கவில்லை. நம் வேதாளம் பேசியதே... கேள்வி கேட்டதே... அதற்குப் பேரன்தானே ஜீனோ?

இன்றைக்கு வாருங்கள். மதுரைக்காரரான சு. வெங்கடேசன் 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் எழுதிய ‘வீரயுக நாயகன் வேள்பாரி’யைக் கல்லூரிப் பிள்ளைகள் கனத்த புத்தகமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை, மதுரையிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். மாயக் காடு, அதிசயச் செடிகள், ஆபத்தான விலங்குகள்... இளைஞர்கள் படிப்பதில்லை என்று புலம்புகிறவர்கள், தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது ஒரு சாயங்காலம் போய்ப் பார்க்கலாம்.

எல்லாம் சரி. ஆனால், ஒரு கேள்வி உறுத்துகிறது. நம் பாட்டன்களும் பாட்டிகளும் கொண்டாடிய அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களின் பழைய பிரதிகள் எங்கே?

பதில் கொஞ்சம் கசப்பானது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியாவில் என்னென்ன அச்சாகிறது என்று கண்காணிக்க விரும்பிய வெள்ளை அரசாங்கம் 1867-ல் ஒரு சட்டம் போட்டது. அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு செய்ய வேண்டும். பிரதி கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டார்கள். தேர்ந்தெடுத்த பிரதிகள் லண்டனுக்குப் போயின. நாம் மதிக்காத நம் புத்தகங்கள் பல, நம்மைச் சந்தேகப்பட்டவன் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன!

உள்ளூரில் காப்பாற்றியது யார்? அரசரும் இல்லை, பண்டிதரும் இல்லை. சைன்போர்டு எழுதுகிற ஒரு ஓவியர்! காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா. பழைய பேப்பர் கடைகளில் தேடித்தேடி வாங்கினார். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காலணாக் கதை... எதையும் மட்டம் என்று தள்ளவில்லை. 1992-ல் அவர் காலமானபோது சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அந்த வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வாசலில்தான் போய் நிற்கிறார்கள்.

புதுமண்டபத்துக் கடைகளும் இப்போது அங்கே இல்லை. மண்டபத்தின் சிற்பங்களைக் காப்பாற்றுவதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நியாயமான காரியம்தான். கல்லுக்கு அதன் மண்டபம் திரும்பக் கிடைத்துவிட்டது. 2023 ஜூலை 15-ம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், மதுரைக்குப் பிரமாண்டமான ஒரு வாசிப்பு மாளிகையைக் கொடுத்திருக்கிறது. அதுவும் நல்ல செய்தி.

ஆனால், எந்த மாளிகையும் தானாக வந்து உங்கள் வீட்டுப் பரணைத் தேடாது. அட்டை கிழிந்த மாயாவி, பைண்டு செய்த தொடர்கதை, ஆயாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அல்லி அரசாணி... அடுத்த முறை பழைய பேப்பர்காரர் வாசலில் மணி அடிக்கும்போது, தராசில் போடுவதற்கு முன்னால் அவற்றை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரியவர்களிடம் ‘நீங்க சின்ன வயசுல என்ன படிச்சீங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்டுவிட்டு, கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பதில் சீக்கிரம் முடியாது!