மகமை முதல் கல்லூரி வரை: சிவகாசி ஆலைகளும் சுற்றுப்பட்டி ஊர்களும்

சிவகாசி வட்டாரத்தில் தொழில் செய்பவர்கள் ஊருக்குக் கொடுக்கும் வழக்கம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் முந்தையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி, கருப்பட்டி, தானியம் முதலிய சரக்குகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி வணிகம் செய்த நாடார்கள் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் இடம் பேட்டை. அதைப் பேணவும் காவலுக்கு ஆள் வைக்கவும் பணம் தேவைப்பட்டது. கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையை வணிகர்கள் பொது நிதியில் சேர்த்தனர். அந்தத் தொகைக்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்னும் ஊர்ச்சபை அதை வசூலித்து, கணக்கு வைத்து, செலவிட்டது.

மகமை அவரவர் மனம்போல் கொடுக்கும் தருமம் அல்ல. வியாபாரம் நடந்தால் மகமையும் உண்டு. கொடுக்க மறுப்பவர் உறவின்முறைக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது கணக்கில் இருந்தாலும், அந்தப் பணத்தில் கட்டிய கிணற்றுக்கும் சத்திரத்துக்கும் எந்தத் தனிமனிதரின் பெயரும் இல்லை. பிற்காலத்து ஆலை முதலாளிகளின் கொடைக்கும் மகமைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

அந்த நிதி கோயில், கிணறு, மண்டபம் என்று செலவானதற்கு வலுவான காரணம் இருந்தது. பிறர் கோயில்களில் நுழைய நாடார்களுக்கு அன்று அனுமதி இல்லை. அந்த உரிமைக்கான பூசல் முற்றி, 1899 ஜூன் மாதம் சிவகாசியில் பெருங்கலவரமாக வெடித்தது; வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றனர். மற்றவர் கதவு திறக்காதபோது தமக்கென்று கோயிலையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் கட்டிக்கொள்ளத்தான் மகமை உதவியது.

அவற்றுள் நீடித்த பயன் தந்தது பள்ளிக்கூடம். விருதுபட்டியில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. அதை நடத்த மகமைப் பணத்தோடு பிடி அரிசியும் சேர்ந்தது. வீடுதோறும் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள்; அது பள்ளிக்காகத் திரட்டப்படும். பணக்கார வீடும் ஏழை வீடும் ஒரே அளவில் பங்கு கொண்ட ஏற்பாடு இது. 1903இல் பிறந்த காமராசர் படித்தது இந்தப் பள்ளியில்தான். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊராரின் நெல்லையும் பணத்தையும் உழைப்பையும் பெரிதும் நம்பி நின்றன. விருதுநகர்ப் பிள்ளை ஒருவர் அப்படி யோசித்ததில் பிடி அரிசிக்குப் பங்கு இருந்தது என்று கருத இடமுண்டு.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கினர். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தும், கைவேலையே இந்த ஊருக்குப் பொருந்தும் என்று விரைவில் கண்டுகொண்டனர். மழை குறைவு, வெயில் அதிகம். மருந்தும் குச்சியும் காய்வதற்கு ஏற்ற வானம். வானம் பார்த்த கரிசல் நிலத்தில் ஆண்டில் பல மாதங்கள் வேலை இல்லாத குடும்பங்கள் சுற்றிலும் இருந்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும் வெடியும் வந்தன. 1940இன் வெடிபொருள் விதிகளுக்குப் பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. தீப்பெட்டி லேபிள்களுக்காக அச்சுத்தொழிலும் வளர்ந்தது.

ஆலைகள் பெருகப் பெருக அவற்றுக்கு வேண்டிய கைகள் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து வந்தன. எம். புதுப்பட்டியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் அத்தகையவை. விடிகாலையில் கம்பெனி வண்டி ஊருக்குள் வரும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். பொழுது சாயும்போது வண்டி திரும்பும். ஊர் வழக்கில் அது தீப்பெட்டி ஆபீஸ் வேலை, பட்டாசு ஆபீஸ் வேலை. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சரம் பின்னுவதும் எண்ணிக்கைக் கூலி. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆலையில் முன்பணம் வாங்குவதும், வாரக்கூலியில் அது கழிவதும் வழக்கம். தீபாவளிக்கு முன் போனஸ் கைக்கு வரும். ஊர்ப் பொங்கலுக்கும் கொடை விழாவுக்கும் ஆலைக்காரர் நன்கொடை எழுதுவார், வாணவேடிக்கைக்கு வெடி கொடுப்பார். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளிலும் அடுப்பு எரிந்தது இந்தக் கூலியால்தான். ஆனால் முன்பணம் ஒரு குடும்பத்தை ஒரே ஆலையோடு கட்டிப்போடவும் செய்தது என்பதால், அதை வெறும் உதவியாகக் கணக்கிட முடியாது.

நகரத்துக்கு வந்த கொடை வேறு வகை, அளவிலும் பெரியது. விடுதலைக்குப் பின் மகமையின் பணம் கல்லூரிப் பக்கம் திரும்பியது. 1947இல் விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி எழுந்தது. 1962இல் அதே ஊரில் எண்ணெய் வணிகக் குடும்பம் ஒன்றின் பெயரால் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. கல்கத்தாவுக்குப் போய் வந்தவரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் சேர்ந்த பெயர் அது. 1968இல் ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்தார் பெண்களுக்கென்று ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினர். ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெயரையே தாங்கிய கல்லூரி அது. இந்தத் தொழிலில் உழைப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்பதால் அந்தப் பெயருக்கு ஒரு பொருத்தமும் உண்டு.

இக்கல்லூரிகள் ஏன் பயன்பட்டன என்பதை அவற்றின் பண ஏற்பாட்டில் பார்க்கலாம். நிலம், கட்டடம், வைப்பு நிதி ஆகியவற்றை நிறுவனத்தார் தந்தனர். அரசு உதவி கிடைத்தபின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. அதனால் உதவி பெறும் வகுப்புகளில் கட்டணம் குறைவாக இருந்தது. ஆலைக் கூலியில் வாழும் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை பட்டப்படிப்புக்குப் போவது நடக்கக்கூடிய காரியமானது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பி விடுதியில் சேர்க்க வசதியில்லாத பெற்றோருக்கு, பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி இருந்ததே பெரிய உதவி. பெண் பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தூரம்தான் படிப்பா வேலையா என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்தது.

1984 இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த அந்தக் காலத்தில் சிவகாசிக்கு அருகில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதை நிறுவியது திருமங்கலத்தில் இயங்கும் உலோகத் தூள் நிறுவனம். அலுமினியத் தூள் பட்டாசுக்கு இன்றியமையாத பொருள். மத்தாப்பின் வெண்ணிற ஒளியும் வெடியின் வேகமும் அதிலிருந்து வருகின்றன. ஷ்லெங்க் என்பது அந்நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் தந்த ஜெர்மன் நிறுவனத்தின் பெயர். அதன் பின் வேறு சுயநிதிக் கல்லூரிகளும் வந்தன. 2000இல் ஸ்ரீ காளீஸ்வரி கல்லூரி வந்தது. படிப்பின் தரத்தில் இவற்றுள் பல நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் சுயநிதிக் கல்லூரி மாணவர் கட்டணத்தில் நடப்பது. நிறுவனம் தந்த நிலமும் தொடக்க முதலீடும் கொடை என்றால், அதன் அன்றாடச் செலவைத் தருபவர் மாணவரின் பெற்றோர். பிடி அரிசியில் நடந்த பள்ளியிலிருந்து இது வெகு தொலைவு.

இதே காலத்தில் சுற்றுப்பட்டி ஊர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கம்பெனி வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தனர். தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கச் சிறு விரல்கள் ஏற்றவை என்ற நினைப்பும், வீட்டுக் கடனும், எண்ணிக்கைக் கூலியும் சேர்ந்து அவர்களைக் கொண்டுபோயின. சிறு உற்பத்தியாளருக்குத் தீர்வையில் சலுகை இருந்ததால் தீப்பெட்டி ஆலைகள் சிறு அலகுகளாகப் பிரிந்தன. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், இருநூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தால் உணவகம் வேண்டும் என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் கடமைகள் சிறு அலகுகளைத் தொடவில்லை. கல்லூரி கட்டிய ஒரு தொழிலின் வட்டாரத்தில், அதே தொழிலில் பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்ந்தது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. எந்தக் கொடைக் கணக்கும் அதை மறைக்கக் கூடாது.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடைசெய்யப்பட்ட தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும்; அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாயைத் தன் பங்காகச் செலுத்த வேண்டும்; நிதியின் வட்டி பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும். வழக்கு சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றியது என்றாலும் தீர்ப்பு நாடு முழுமைக்கும் பொருந்தியது. ஆலையின் பணம் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு நேராகச் செல்ல வேண்டும் என்று சட்டம் வகுத்த முதல் வழி இதுவே எனலாம்.

2013இன் நிறுவனங்கள் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். இராஜபாளையத்து ராம்கோ போன்ற பெரு நிறுவனங்கள் இதற்குள் வருகின்றன. பட்டாசு ஆலைகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. தனிமனிதர் பெயரிலோ கூட்டாளிகள் பெயரிலோ நடக்கும் அலகுகளை இச்சட்டம் தொடாது. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் தங்களுடையது என்று சிவகாசித் தொழில்துறை சொல்கிறது; அந்த உற்பத்தியின் பெரும்பங்கு சுற்றுப்பட்டி ஊர்களுக்குச் செய்ய வேண்டியதைப் பற்றிக் கட்டாயம் எதுவும் இல்லை. மகமை காலத்தில் உறவின்முறைக்கு இருந்த அதிகாரம்கூட இங்கே யாருக்கும் இல்லை.

அந்தக் குறை விபத்தின்போது நன்றாகத் தெரிகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேர் அளவில் மாண்டனர். அது குறித்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிப் பகுதியின் ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுப்பட்டி ஆலைகளின் விபத்து வழக்குகள் எம். புதுப்பட்டிக் காவல் நிலையத்தில் பதிவாகின்றன. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து நிற்பதும், ஆலை தரப்பு நிவாரணக் காசோலையும் ஈமச் செலவும் கொடுத்தபின் உடல் பெறுவதும் இந்தப் பகுதியில் மீண்டும் மீண்டும் நடக்கும் காட்சி. உயிர் போனபின் பேரம் பேசிப் பெறும் பணத்தை ஊருக்குச் செய்த நன்மையாகச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆலை மூடினாலும் இந்த ஊர்கள் தாங்குவதில்லை. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. உற்பத்தியாளர்கள் ஆலைகளைப் பல மாதங்கள் மூடினர். அக்காலத்தில் கூலி நின்ற வீடுகளைத் தாங்க, மகமை போன்ற பொது நிதி எதுவும் தொழிலாளருக்கு இருக்கவில்லை.

2024 நவம்பர் 10 அன்று விருதுநகரில் நடந்த அரசு விழாவில், பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையான செலவை அரசு ஏற்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் இதற்கென ஒரு நிதியம் அமையும் என்றும், முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவிப்பு கூறியது. அந்தப் பிள்ளைகள் போய்ப் படிக்கக்கூடிய கல்லூரிகள் சில, தீப்பெட்டி, பட்டாசுப் பணத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அருகில் கட்டப்பட்டவை.