அகநச்சு உணர் ஏற்பிகள்

கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் அமைந்த லிப்போபாலிசாக்கரைடு (அகநச்சு) என்னும் கொழுப்புச் சர்க்கரைச் சேர்மத்தை, பிறவி நோயெதிர்ப்பு மண்டலம் கண்டறிய உதவும் புரதங்களின் தொகுதி. பிறவி நோயெதிர்ப்பு என்பது முன்தொற்றின் நினைவு ஏதுமின்றி உடனே செயற்படும் தற்காப்பாகும்.

பெர்லினில் ராபர்ட் காக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், வெப்பத்தால் கொல்லப்பட்ட காலராக் கிருமிகளும் கினிப்பன்றிகளைக் கொல்வதை 1892இல் கண்டு, நஞ்சு கிருமியின் உடலோடு பிணைந்தது எனக் கொண்டதிலிருந்து அகநச்சு என்னும் கருத்து வளர்ந்தது. ஆயினும் கொல்வது அச்சேர்மமன்று, அதற்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினையே என்பதை, பிற எலிகள் மாளும் அளவையும் தாங்கிக்கொண்ட சி3எச்/எச்இஜே என்னும் எலி வகை பின்னர் உணர்த்தியது. அவ்வெலிகளே உயிருள்ள கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு எளிதில் இரையாயின என்பதால், உணரும் உறுப்பு ஒன்று அவற்றில் பழுதுபட்டிருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வுறுப்பைத் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தவை துணைப் புரதங்களே. குருதியிலுள்ள எல்பிபி என்னும் புரதம் அகநச்சைப் பற்றிச் செல்லின் மேலுள்ள சிடி14 என்னும் ஏற்பியிடம் சேர்ப்பதாக 1990இல் அறியப்பட்டது. ஆனால் சிடி14 சவ்வின் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால், செல்லுக்குள் செய்தியைத் தானே அனுப்ப இயலாது. பழ ஈக்களில் டோல் என்னும் புரதம் பூஞ்சைத் தொற்றைத் தடுப்பதை 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் கண்டதும், 1997இல் ருஸ்லான் மெட்ஷிடோவும் சார்ல்ஸ் ஜேன்வேயும் அதன் மனித இணையை விவரித்ததும் வழியைத் திறந்தன. மேற்கூறிய எலிகளில் டிஎல்ஆர்4 என்னும் டோல்வகை ஏற்பியின் 712ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருப்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் கண்டறிந்தனர். அதன் பின்னரும் விடை முழுமையடையவில்லை: டிஎல்ஆர்4 அகநச்சுக்கு வினையாற்ற எம்டி-2 என்னும் சிறு புரதம் உடனிருக்க வேண்டும் என 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

இக்கூட்டுறவின் வடிவம் 2009இல் தென்கொரியாவில் வெளிப்பட்டது. அகநச்சின் ஆறு கொழுப்புச் சங்கிலிகளில் ஐந்து எம்டி-2இன் குழிக்குள் புதைய, வெளியே நிற்கும் ஆறாவது சங்கிலி மற்றொரு டிஎல்ஆர்4ஐத் தொட்டு இரு ஏற்பிகளையும் இணைசேர்க்கிறது. அவ்விணைவே செல்லுக்குள் செய்தியாகிறது. இதே டோல்வகை ஏற்பிகளுள், அகநச்சையன்றிப் பாக்டீரிய லிப்போபுரதங்களை உணரும் டிஎல்ஆர்2 தன்னோடு இணைசேரும் துணையைத் தேர்ந்துகொள்கிறது: மூன்று கொழுப்புச் சங்கிலிகள் கொண்டவற்றுக்கு டிஎல்ஆர்1உடனும், இரண்டு கொண்டவற்றுக்கு டிஎல்ஆர்6உடனும் சேர்கிறது.

செல்லுக்குள் நுழைந்துவிட்ட அகநச்சை காஸ்பேஸ்-11 என்னும் நொதி தனியே உணர்வதாக 2013இல் வெளிவந்த ஆய்வுகள், டிஎல்ஆர்4 அறவே இல்லாத எலிகளும், வேறொரு டோல்வகை ஏற்பி முன்னரே தூண்டப்பட்டிருந்தால், அகநச்சால் இறப்பதைக் காட்டின.