தொழிற்சங்கமும் சமூகத் தொண்டும்

தொழிற்சங்கம் என்றவுடன் கூலி உயர்வும் வேலைநிறுத்தமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஒரு தொழிலைச் செய்வோர் கூடி அமைக்கும் சங்கம், அத்தொழிலுக்கு அப்பாலும் தொண்டாற்றக்கூடும் என்பதற்கு அகமதாபாத் நகரின் வரலாறு சான்று பகர்கிறது.

குஜராத்தில் வணிகர் தம் தொழிலுக்கென அமைத்துக்கொண்ட பழைய கூட்டமைப்புக்கு ‘மகாஜனம்’ என்று பெயர். வாணிபத்தையும் வழக்குகளையும் ஒழுங்கு செய்த மகாஜனங்கள், முதிர்ந்த கால்நடைகளைக் காக்கும் இல்லங்கள் போன்ற அறங்களையும் நடத்தி வந்தன. ஆனால் ஆலைத் தொழிலாளருக்கு அத்தகைய துணை இருந்ததில்லை.

1917ஆம் ஆண்டில் அந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க முதலாளிகள் போனஸ் கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். அதற்கு ஈடாகத் தொழிலாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இசையவில்லை. நிலைமையை ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் என்றார். தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசூயா சாராபாய். எதிர்ப்பக்கத்தில் முன்னின்றவர் அவருடைய தம்பி அம்பாலால். 1918 மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடுவர் வழங்கிய தீர்ப்பும் 35 விழுக்காடே.

இப்போராட்டத்தின் பயனாக 1920இல் தோன்றியது ‘மஜூர் மகாஜன்’ சங்கம். வணிகருக்கே உரியதாயிருந்த மகாஜனம் என்ற பெயரைக் கூலித் தொழிலாளர் சூட்டிக்கொண்டது பொருள் பொதிந்த செயல். பெயரோடு கடமையையும் அவர்கள் ஏற்றனர். உறுப்பினரின் சந்தாவைக்கொண்டு பள்ளிகளும் மருத்துவ உதவியும் படிப்பகங்களும் நடைபெற்றன. 1954இல் ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்குத் தையல் முதலியன கற்பிக்க மகளிர் பிரிவும் ஏற்பட்டது.

அப்பிரிவின் பொறுப்பை ஏற்ற வழக்கறிஞர் இளா பட், ஆலைக்கு வெளியே உழைத்த பெண்களைக் கண்டார். தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், வீட்டிலிருந்து தைப்போர் ஆகிய இவர்களுக்குச் சங்கம் இல்லை. 1972இல் அவர்களுக்கெனச் ‘சேவா’ அமைந்தது. முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்று பதிவு அலுவலர் வினவினர். சங்கம் என்பது எவரையும் எதிர்ப்பதற்காக மட்டுமன்று, உழைப்போரின் ஒற்றுமைக்காகவே என்பது அவர் விடை. 1974இல் அப்பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றையும் நிறுவினர். கையெழுத்திட அறியாதோருக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று.

வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 1981இல் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலகம் மூண்டபோது, தாழ்த்தப்பட்டோர்க்குச் சார்பாகச் சேவா பேசிற்று. அதன்பின் தாய்ச்சங்கம் அதனை விலக்கிவிட்டது. அதே பத்தாண்டுகளில் ஆலைகள் பல மூடப்பட்டன. ஆலைக்கூலி நின்ற இல்லங்கள் பலவற்றில் பெண்களின் சிறுதொழிலே அடுப்பெரிய உதவியது. விலக்கப்பட்ட கிளையோ பல மாநிலங்களில் வேரூன்றிற்று.

பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நாமும் அலுவலகத்திலும் ஆலையிலும் சங்கம் அமைத்திருக்கிறோம். அங்கே நம்மோடு உழைத்தும் உறுப்பினர் பட்டியலில் இடம் பெறாதோர் யாவர்? நாம் செலுத்தும் சந்தா அவர்களுக்கும் பயன்படும் நாளிலேதான் நமது சங்கம் சமூகத்தின் சங்கமாகும்.