சுகாதாரச் சட்டமும் குடிமக்களும்

நோய் வந்த வீட்டுக்குள் அரசாங்கம் எவ்வளவு தூரம் நுழையலாம்? நோயுற்றவன் அரசாங்கத்திடம் எதைக் கேட்டுப் பெறலாம்? இவ்விரு வினாக்களில் முதலாவதற்கு மட்டுமே நம் நாட்டுச் சட்டங்கள் நெடுங்காலம் விடை கூறி வந்தன. இரண்டாவதைப் பற்றி அவை வாய் திறந்தது மிகவும் பிந்தித்தான்.

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1897ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகிய அது நான்கே பிரிவுகளைக் கொண்டது. ரயில் பயணிகளைச் சோதிக்கவும், ஐயத்துக்குரியவர்களைப் பிரித்து வைக்கவும், கப்பல்களை நிறுத்தி வைக்கவும் அதில் அதிகாரம் இருந்தது. நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடரலாகாது என்ற பாதுகாப்பும் இருந்தது. நோயாளிக்கு மருந்து தர வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை! அவ்வாண்டில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவது தடை செய்யப்பட்டது. பூனாவில் வீடு வீடாக நடந்த சோதனைகள் மூட்டிய சினத்தில், பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டு மாண்டார்.

இந்நிலையில் சென்னை மாகாணம் வேறொரு வழியைக் கண்டது. 1937இல் அமைந்த ராஜாஜியின் மந்திரி சபையில், மருத்துவரான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தார். அக்காலத்தில்தான் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் உருவாயிற்று. இது 1939ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம். இத்தகைய விரிவான சட்டம் இந்தியாவில் இதுவே முதலாவது. குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, உணவுக் கலப்படம், சந்தைகள், திருவிழாக் கூட்டங்கள், தாய்சேய் நலம் என அனைத்தும் இதில் இடம்பெற்றன. நகரசபைகள் தம் வருவாயில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமலும், ஜில்லா போர்டுகள் நூற்றுக்கு 12½ பங்குக்குக் குறையாமலும் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டுமென்று அது விதித்தது. கட்டளை மக்களுக்கு மட்டுமன்று, ஆள்வோருக்கும் உண்டு என்பது இங்கேதான் முதன்முதலாகத் தெளிவாகின்றது. நம்மைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் உயிர்நாடியே இதுதான் என்போம்.

மக்களுக்குரிய கடமைகளும் சிறியவை அல்ல. தொற்றுநோய் உண்டானதை மருத்துவர் மட்டுமன்றி, தொழிற்சாலை நிர்வாகியும், தங்குவிடுதி நடத்துபவரும், குடும்பத் தலைவரும் அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். தொற்றுநோய் கண்டவர் உணவுப் பண்டம் விற்கும் தொழிலைச் செய்யலாகாது. நம் இல்லங்களில் அம்மை கண்டதை அண்டை வீட்டாருக்கும் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் இருந்ததை மூத்தோர் அறிவர். அச்சத்தால் மறைத்தார்கள், அதனாலேயே நோய் தெருவெங்கும் பரவியது.

2020இல் கொரோனா வந்தபோது, தமிழ்நாட்டில் கைகொடுத்தது இந்தப் பழைய சட்டமே. மார்ச்சு மாதம் அந்நோய் இதன்கீழ் அறிவிக்கப்பட்ட நோயாயிற்று. ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து அந்நோயாலேயே இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சிலர் கல்லெறிந்து தடுத்தனர். அம்மாத இறுதியிலேயே அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் உடலைக் கண்ணியமாக அடக்கம் செய்வதையோ தகனம் செய்வதையோ தடுப்பவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்றது அது. செப்டம்பரில் வந்த திருத்தமோ முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாயும், பொது இடத்தில் எச்சில் துப்பியவருக்கு 500 ரூபாயும் அபராதம் வைத்தது. பலரும் நினைவில் வைத்திருப்பது இந்த அபராதத்தைத்தான். நாம் நினைவில் வைக்க வேண்டியது ஏப்ரல் சட்டத்தை.

அதன் அருமை, கடல் கடந்து இலங்கையைப் பார்த்தால் விளங்கும். அங்கும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு; தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புப் பற்றியது. அதன்கீழ் 2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்கக் கட்டளையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் முந்திய மாதமே கூறியிருந்தது. ஆயினும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாட்களே ஆன பச்சிளங்குழந்தையின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. 2021 பிப்ரவரி 25இல்தான் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச்சு முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் நடைபெற்றது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல்களுக்கு கபுறு ஏது? சட்டம் ஒன்று அதிகாரத்தை மட்டும் வழங்கி, அதன் எல்லையைச் சொல்லாது விட்டால் விளைவது இதுதான்.

இனி, அண்மைச் சட்டங்களுக்கு வருவோம். மலபார் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததால், அங்கே 1939ஆம் ஆண்டுச் சட்டமும், தெற்கே 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமுமாகக் கேரளத்தில் நெடுங்காலம் இரண்டு சட்டங்கள் நடந்தன. 2023ஆம் ஆண்டின் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவ்விரண்டையும் நீக்கி ஒன்றாக்கியது.

அதே ஆண்டு ராஜஸ்தான் இன்னும் ஓரடி முன்னே சென்றது. சுகாதாரத்தை உரிமையென்றே பெயரிட்டு, மார்ச்சு 21இல் அதன் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அவசர நிலையில் வருபவரிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு தர வேண்டிய பணம் எப்போது, எவ்வாறு வரும் என்ற அவர்களது கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. ஏப்ரல் 4இல் உடன்பாடு ஏற்பட்டபோது, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளும், அரசின் சலுகை பெறாமல் கட்டப்பட்டவையும் விலக்குப் பெற்றன. சிற்றூர்களில் விபத்துக்குள்ளானவனை முதலில் தூக்கிச் செல்வது பெரும்பாலும் அத்தகைய சிறு மருத்துவமனைக்குத்தான் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊரினராயினும் அது கிடைக்கும். ஆனால் அது அரசின் திட்டம், அரசாணையால் நடப்பது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென்று பிரிவு ஏதும் இல்லை.