ஓலை எங்கே, தம்பி?



இந்த மாதம் நான் எழுத நினைத்திருந்தது வேறொரு விடயம். ஆனால் சென்ற மாதப் பேச்சில் நான் விட்ட பிழையைத் திருத்தாமல் அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை. யூலை 3ஆம் திகதி புனித தோமையார் திருநாள். அதையொட்டி வானொலியில் பேசியபோது, திருவள்ளுவர் மயிலாப்பூரில் தோமையாரின் சீடராக இருந்தார், அதற்குப் பழைய ஓலைச்சுவடிகள் ஆதாரமாகக் கிடைத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்தது யாரோ அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி. சின்ன வயதில் ஊரில் கோயில் முற்றத்திலும் அப்படி ஒரு கதை கேட்ட ஞாபகம். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல, நானும் நம்பிவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் ஆகவில்லை, தோண்டன் ஹீத்திலிருந்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் தொலைபேசி எடுத்தார். சைவக் குடும்பம். எங்கள் பேச்சுகளைத் தவறாமல் கேட்பவர். கோபப்படவில்லை. "தம்பி, அந்த ஓலை இப்ப எங்கே இருக்கு? ஆர் பார்த்தது?" என்று மட்டும் கேட்டார். "தேடிப் பார்த்துச் சொல்லுறன், ரீச்சர்" என்றேன். பற்றுச்சீட்டு இல்லாமல் ஐந்து பவுண் செலவைக்கூடக் கணக்கில் ஏற்ற விடாத கணக்காளன் நான். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

தேடியதில் கிடைத்தது இது. வள்ளுவருக்குக் கிறிஸ்தவப் போதகர்களோடு பழக்கம் இருந்திருக்கலாம் என்று 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் எழுதினார். அது அவருடைய ஊகம். ஓலை, கல்வெட்டு என்று அவர் எதையும் காட்டவில்லை. அந்த ஊகத்துக்கு ஆதாரம் தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவர் சென்னை-மயிலைப் பேராயராக இருந்த இரா. அருளப்பா. தமிழ் நன்கு கற்றவர். குறளையும் நேசித்தார், கிறிஸ்துவையும் நேசித்தார். இரண்டையும் இணைக்கும் ஆதாரம் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று அவர் நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1970களில் அவரிடம் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் கணேச ஐயர், ஆச்சார்ய பால் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர். ஓலைகளும் செப்பேடுகளும் கண்டுபிடித்ததாகச் சொன்னார். கொண்டுவந்தவையோ புகைப்படங்கள். மூல ஓலையைக் கேட்டபோது, அவை அரும்பொருட் காட்சியகங்களிலும் தொல்லியல் துறையிலும் பத்திரமாக இருக்கின்றன, வெளியே எடுக்க முடியாது என்றார். ஆராய்ச்சிச் செலவென்று கொடுக்கப்பட்ட பணம் கிட்டத்தட்ட 14 இலட்சம் ரூபாய். அந்தக் காலத்து 14 இலட்சம். கடைசியில் சந்தேகம் வந்து பொலிசுக்குப் போனார்கள். காகிதத்தில் எழுதிப் படம் பிடித்துத்தான் அந்த 'ஓலைகள்' உண்டாக்கப்பட்டன என்று தெரிந்தது. 1986இல் நீதிமன்றம் அவருக்கு 10 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த வருடம் 'இல்லஸ்ரேட்டட் வீக்லி' இதழில் கே. பி. சுனில் இதை விரிவாக எழுதினார்.

அதாவது நான் வானொலியில் ஆதாரம் என்று சொன்ன ஓலைகள் ஒருநாளும் இருந்ததில்லை. வழக்கு முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கதை கைத்தொலைபேசிக்குள் உயிரோடு சுற்றுகிறது. தீர்ப்பைத்தான் எனக்கு ஒருவரும் அனுப்பவில்லை.

குரோய்டன்காரருக்கு இந்த 'மூலப் பிரதி எங்கே' என்ற கேள்வி புதிதில்லை. வெல்லெஸ்லி வீதியில் லூனர் ஹவுஸ் வாசலில் விடியமுன் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்கள்! போட்டோ கொப்பியை நீட்டினால் மூலப் பத்திரம் எங்கே என்பார்கள். எரிந்த வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் போய்விட்டது என்று விளக்கியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்ட கேள்வியை எங்களுக்குப் பெருமை தரும் செய்தியிடம் மட்டும் நாங்கள் ஏனோ கேட்பதில்லை.

இதே ஊரில், கிட்டத்தட்ட 400 வருடத்துக்கு முன்னும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1547இல் பரங்கிமலையில் சிற்றாலயம் கட்டப் போர்த்துக்கேயர் நிலத்தைத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை வெளிப்பட்டது. அதைச் சுற்றி ஒருவருக்கும் விளங்காத எழுத்து. கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்தார்: தேவகுமாரன் அனுப்பிய தோமையார் இந்த நாட்டுக்கு வந்தார், அற்புதங்கள் செய்தார், இங்கே கொல்லப்பட்டார், இந்தச் சிலுவையில் அவர் இரத்தம் பட்டது என்று ஒரு நீண்ட கதை. சின்ன வரிக்குள் இவ்வளவு கதை எப்படி அடங்கும் என்றால், ஒவ்வோர் எழுத்துக்கும் பல சொற்கள் என்று விளக்கம். கேட்டவர்களுக்கு வேண்டியதே கிடைத்தது. முந்நூறு வருடத்துக்கு மேல் அதுவே வாசிப்பு.

1873இல் ஏ. சி. பர்னல் என்ற நீதிபதி, தென்னிந்தியப் பழைய எழுத்துக்களைக் கற்றவர், அது எந்த இந்திய மொழியும் அல்ல, பழைய பாரசீகத்தின் பஹ்லவி என்று காட்டினார். கோட்டயத்துச் சிலுவையிலும் அதே எழுத்து. தோமையார் பெயரோ கொலையோ அதில் இல்லை. ஒரு சிறிய மன்றாட்டு, அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

என் நண்பர் ஒருவர், எங்கள் கோயில்காரர், இதைக் கேட்டு முகம் சுளித்தார். "இதையெல்லாம் றேடியோவில் சொன்னால் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்றார். சிரிக்கட்டும். ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. கட்டுக்கதை போன பிறகு அந்தக் கல் சிறுத்துப் போகவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்பு, கடல் கடந்து வந்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் தமிழ்க் கரையில் வாழ்ந்து, தங்கள் மொழியில் செபித்து, அதைக் கல்லிலும் வெட்டினார்கள் என்பதற்கு அது சாட்சி. ஊர் விட்டு வந்து வேறு நாட்டில் தன் மொழியில் செபிப்பதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?

சோதித்தால் எல்லாம் பொய்யாகிவிடும் என்ற பயமும் தேவையில்லை. தோமையார் இந்தியா வந்ததைச் சொல்லும் மிகப் பழைய நூல், 3ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்'. அதில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் அதில் வரும் கொந்தபோரஸ் என்ற அரசனைக் கற்பனை என்றே நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கம் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. அரசன் இருந்தான் என்பது உறுதி. தோமையார் அவனிடம் போனார் என்பது அதனால் உறுதியாகாது. எந்த வரியை எந்த ஆவணம் தாங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் கணக்காய்வுத் தொழிலிலும் உள்ளதுதான்.

வேதாகமத்தில் பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நாள்தோறும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்றவரோ தோமையாரேதான். அவருடைய பெயரில் நான் ஒன்றையும் பார்க்காமல் பேசியிருக்கிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2009 வைகாசியில் ஒவ்வோர் இரவும் எது உண்மைச் செய்தி என்று தெரியாமல் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி இருந்தோம். எங்கள் இழப்புகளை இன்றும் உலகத்துக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. நாங்கள் பரப்பிய ஒரு பொய்யைக் காட்டி நூறு உண்மையை மறுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

போன வாரம் வானொலியில் திருத்தத்தை வாசித்தேன். இரண்டு நிமிடம்தான். உடனே ரீச்சர் எடுத்தார். "ஓலை இல்லையெண்டது சரி தம்பி. அந்தக் கல்?"

"பரங்கிமலைக் கோயில் பீடத்திலை இருக்கு ரீச்சர். ஆரும் போய்ப் பார்க்கலாம்."

"மார்கழியிலை மகளோடை சென்னைக்குப் போறன். விலாசத்தைச் சொல்லுங்கோ, எழுதுறன்" என்றார்.