பின்சக்கரத்துக்கு ஒரு வில்

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இடுப்பே சொல்லும். ஆனால் வில் வண்டியில் உட்காருபவர் வேறு, இழுக்கும் மாடு வேறு. சைக்கிளில் இரண்டும் ஒரே ஆள். சைக்கிளுக்கு வில் வைத்த கதை முழுவதும் இந்தச் சிக்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1885-இல் லண்டனில் லின்லி அண்ட் பிக்ஸ் கம்பெனியார் 'விப்பெட்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். அப்போது டயர் என்றால் கெட்டி ரப்பர். சீட், ஹேண்டில்பார், பெடல் மூன்றையும் அசையாத ஒரு முக்கோணமாகச் சேர்த்து, அதை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருந்தால் கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அத்தோடு ஸ்பிரிங் சைக்கிளுக்கு வேலை போயிற்று.

1976-இல் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் மலைப் பக்கம், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும்; ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். மவுண்டன் பைக் அங்கே பிறந்தது. பிரெஞ்சில் அதற்கு 'வெலோ து தெரேன்' என்று பெயர். எல்லாத் தரைக்குமான சைக்கிள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

முன்பக்கம் சுலபமாக முடிந்தது. 1989-இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் கம்பெனி, காற்றும் எண்ணெயும் கொண்ட ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. செயின் இழுப்பது பின்சக்கரத்தை அல்லவா? மிதிக்க மிதிக்க வண்டி தஞ்சாவூர்ப் பொம்மைபோல ஆடும். மேட்டில் ஏறுகிறவரின் உழைப்பில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே வீணாகும்.

ஆஸ்திரியாவில் பிறந்த ஹோர்ஸ்ட் லைட்னர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1990களின் தொடக்கத்தில் அவர் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்ச்சட்டத்தில் ஒரு கூடுதல் மூட்டு வைத்தார். சக்கரம் ஒரே கீலில் கதவுபோல ஆடாமல், நான்கு சட்டங்களின் கூட்டசைவில் ஏறி இறங்கிற்று. செயின் இழுப்பும் பிரேக்கும் ஸ்பிரிங்கைத் தொந்தரவு செய்வது குறைந்தது. 'ஹோர்ஸ்ட் லிங்க்' என்று இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

இதைச் சுகவாசிகளின் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். தரையில் படாத சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை. நீஸ் நகரத்து நிக்கோலா வுயோஸ் 1992 முதல் 2002 வரை மலையிறக்கத்தில் பத்து உலகப் பட்டங்கள் வென்றார்; அவற்றில் மூன்று ஜூனியர் பிரிவில். அந்தப் பத்து வருடங்களில்தான் பின்வில் அந்தப் பந்தயத்தின் கட்டாயத் தேவையாயிற்று.

இன்னொரு வேடிக்கை. ஸ்பிரிங்கை விரட்டிய காற்றே இப்போது ஸ்பிரிங்காகத் திரும்பியிருக்கிறது. இன்றைய நல்ல வண்டிகள் பலவற்றில் பின்னால் இருப்பது கம்பிச்சுருள் அல்ல, குழாய்க்குள் அடைத்த காற்று. மேட்டில் ஏறும்போது அதை இறுக்கிவைக்கச் சிலவற்றில் ஒரு நெம்புகோலும் உண்டு.

பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தார் ரோட்டில் பள்ளிக்கூடம் போய்வர, நடுவில் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டி வேண்டாம். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் கனமும் கூட, மிதிப்பில் ஒரு பங்கு ஆட்டத்திலே போகும். டயரில் காற்று சரியாக இருந்தால் அதுவே போதும்.